சீனக்குடாவிலிருந்து மீன் பறக்கட்டும், யார் ஓட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனக்குடா விமான நிலையத்திலிருந்து சிறிய சரக்கு விமானங்களை விட்டால் திருகோணமலை மீனும் நண்டும் வாடாமல் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்ச் சேரும் என்று கடந்த ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் போட்டு ஏற்றும் மீன் இன்று ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு முழுக்க லொறியில் குலுங்கித்தான் போகிறது. விமானத்துக்கு அது ஒரு மணித்தியாலப் பாதை. ஓடுபாதை, குளிரறை, எண்ணெய் விலை எல்லாவற்றையும் கட்டுரையாளர் தொட்டிருந்தார். விமானியைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை.

நான் விமானி அல்ல. வளைகுடா நாடொன்றில் ஒரு சின்னக் கார்கோ கம்பனியில் பதினொரு வருஷம் ரோஸ்டர் எழுதியவன். எந்த நாள், எந்த விமானத்தில், யார் என்று வெள்ளைப் பலகையில் எழுதுவதுதான் வேலை. பதினாறு விமானிகள் இருக்க வேண்டிய இடம் அது. பதினாறு பேரும் ஒன்றாக இருந்த மாதம் எனக்கு ஞாபகமில்லை. ஒருவர் விலகினால் பெயரை அழித்துவிட்டு அதே வரியில் அடுத்தவரை எழுதுவேன். மார்க்கர் மை முழுதாக அழியாது. புதுப் பெயருக்கு அடியில் பழையவரின் பெயர் மங்கலாகத் தெரியும், அதற்கும் அடியில் இன்னொருவர். கடைசி வருஷங்களில் அந்தப் பலகையைத் தடுமாறாமல் வாசிக்க என்னால் மட்டும்தான் முடிந்தது.

ஏன் போனார்கள்? சம்பளம்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான். சின்னக் கம்பனிக்கு வருகிற இளம் விமானி வேலைக்கு வருவதில்லை, மணித்தியாலம் சேர்க்க வருகிறார். அமெரிக்காவில் இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2009 பெப்ரவரியில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கொல்கன் எயார் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சட்டம் இறுகி, 2013 முதல் அங்கே விமான சேவைகளில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 பறப்பு மணித்தியாலம் கேட்கிறார்கள். சிறிய சரக்கு விமானத்தை மேகத்துக்குள் தனியாளாக ஓட்டுவதற்கோ 1,200 போதும். ஆக, 1,200இல் உள்ளே வருகிறவர் 1,500இல் வெளியே போகிறார். நடுவில் 300. மாலையில் பொதிகளோடு ஒரு பறப்பு, விடிகாலையில் ஒரு பறப்பு, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்று வைத்தால் ஏழு மாதத்தில் முடிந்துவிடும். விமானமும் பாதையும் காலநிலையும் அவர் கைக்குப் பழகும் நேரத்தில் பையைத் தூக்கிவிடுவார். கொரோனா காலத்தில் மூத்த விமானிகள் ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே ஓய்வுபெற, இழுபறி இன்னும் கூடியது. 2022 ஜூனில் அமெரிக்கன் எயார்லைன்ஸின் துணைக் கம்பனிகள் புதிதாகச் சேரும் துணை விமானிக்கே மணிக்கு 90 டொலர் என்று அறிவித்தபோது, பொதி ஏற்றும் சின்னக் கம்பனி என்ன செய்யும்?

சரி, பொண்ட் எழுதி வாங்கலாமே என்பார்கள். எங்கள் கம்பனியிலும் வாங்கினார்கள். பயிற்சிச் செலவைக் கம்பனி கட்டும், மூன்று வருஷம் இருக்க வேண்டும், முன்னே போனால் மீதியைக் கட்ட வேண்டும். ஒரு கப்டன் விலகிய கையோடு அவரை எடுத்த பெரிய கம்பனியே மீதிக் காசைக் கட்டிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே போனார். கட்ட வழியில்லாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். மற்றவர் வராத இரவில், ஒன்றரை மணிக்கு அப்படி ஒருவரைத் தொலைபேசியில் எழுப்பிப் போகச் சொல்வது என் வேலை. அந்தக் குரல்களைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: மனமில்லாமல் இருக்கிறவர் கையில் விமானத்தைக் கொடுப்பது நல்லதல்ல.

அந்தப் பதினொரு வருஷத்தில் நான் பெயர் அழிக்காத ஒரே கப்டனுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பொண்ட் எதுவும் இல்லை. கழுத்தில் ஒரு துவாய், பெட்டிகளைத் தானே எண்ணி, பெட்டிகள் நகராமல் பிடிக்கும் வலையைத் தானே இழுத்துக் கட்டிவிட்டுத்தான் ஏறுவார். அவர் நின்றதற்குக் காரணம் சின்னது. அவருடைய குடும்பம் அதே ஊரில் இருந்தது, அவருடைய ரோஸ்டரை மாற்றக் கூடாது என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்திருந்தார். வியாழன், வெள்ளி வீட்டில். அதில் யாரும் கை வைக்கவில்லை. "மார்க்கரை ஏன் வீணாக்குகிறாய், என் பெயரைப் பெயின்டால் எழுது" என்பார்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பொடியன் நிலாவெளிக் காணியை விற்றுப் படித்து, வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் எடுத்தவன். பறந்த நேரம் எழுதும் லொக் புக்கில் இருநூற்றுச் சொச்சம் மணித்தியாலம். இப்போது மாமாவின் ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறான். விமானி இல்லை என்று கம்பனிகள் புலம்பும் அதே காலத்தில்! கட்டுரையாளர் சொன்ன செஸ்னா கரவன் ரகம் ஒற்றை எஞ்சின் விமானம், ஒரே விமானி ஓட்டலாம் என்று அனுமதி பெற்றது. ஒரு தொன்னுக்கு மேல் மீனை ஏற்றி, இருநூறு மணித்தியாலக்காரனிடம் அதைத் தனியே யார் கொடுப்பார்கள்? காப்புறுதிக்காரர் விடமாட்டார். உண்மையில் பஞ்சம் கப்டன்களுக்குத்தான். 2023இல் இங்கே வருமான வரி 36 சதவீதம் வரை ஏறிய பிறகு, அனுபவசாலிகளில் பலர் வளைகுடாவுக்குப் போனது எல்லோருக்கும் தெரியும்.

ஆளில்லாமலே பறக்கும் காலம் வருகிறதே என்று ஒரு நண்பர் சொன்னார். 2023 நவம்பரில் கலிபோர்னியாவில் ஒரு கரவன் உள்ளே யாருமின்றிப் பறந்து இறங்கியது உண்மைதான். ஆனால் கப்டன் கட்டிய வலையை அது கட்டாது.

காலையில் உவர்மலைக்கு மேலே பயிற்சி விமானத்தின் சத்தம் கேட்காத நாள் குறைவு. நாட்டின் விமானப்படை விமானிகள் பறக்கப் பழகுவதே சீனக்குடாவில்தான். சேவைக் காலம் முடித்து வருகிறவர்களில், கொழும்பும் வேண்டாம் டோஹாவும் வேண்டாம், வீட்டில் சாப்பிட்டுப் போய் வரும் வேலை போதும் என்கிறவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களை இடது பக்கத்தில், கப்டன் இருக்கையில் வையுங்கள். விடிய நாலு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதுக்கு வீடு, மாற்றாத ரோஸ்டர். வலது பக்கத்தில், துணை விமானியாக, இந்தப் பொடியனைப் போன்றவர்கள். ஒரு விமானி போதுமான விமானத்தில் துணை விமானியின் நேரம் தானாகக் கணக்கில் ஏறாது. அதற்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். குளிரறைக்கு முன் கேட்க வேண்டியது அதைத்தான். பொடியன் இரண்டு வருஷத்தில் போய்விடுவான், போகட்டும். போகும் திகதி முன்கூட்டியே தெரிந்தால் அடுத்தவனைப் பழக்கி வைக்கலாம்.

கட்டுரையை அவனுக்கும் வாசிக்கக் கொடுத்தேன். கடையில் ஆணி நிறுத்துக்கொண்டே வாசித்தான். விமானம் எப்போது வருகிறது என்று உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னான்.

இப்படிக்கு,
பழைய ரோஸ்டர்காரன்,
உவர்மலை, திருகோணமலை.