ஜெற்றை மாற்ற முதல் ஊசியைப் பார்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படிக்கச் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். வாடைக்காற்று தொடங்கிவிட்டது, கோணேசர் கோயிலடியில் கடல் ஒரே நுரை.

உன் ஹொண்டா 125இன் கதைக்கு வருகிறேன். அரைவாசி முறுக்கினால் கறுப்புப் புகை, பிளக்கில் கரி, முழுக்க முறுக்கினால் நன்றாக இழுக்கிறது என்கிறாய். அப்படியென்றால் கோளாறு காபரேற்றரில்தான், ஆனால் மெயின் ஜெற்றில், அதாவது பெற்றோலை அளந்துவிடும் பெரிய துளைத் திருகில், கை வைக்காதே. அது பெற்றோலை அளப்பது முக்கால் திறப்புக்கு மேலேதான். கால் முதல் முக்கால் வரை அளப்பது முறுக்கும்போது மேலேறும் சிலைட்டில் தொங்கும் ஊசியும், அது ஏறி இறங்கும் பித்தளை நீடில் ஜெற்றும். எஞ்சின் நடுக்கத்தில் ஊசி அந்தத் துளையின் ஒரு பக்கத்திலேயே உரசி உரசி, வட்டமாக இருந்தது முட்டை வடிவாகிவிடும். கால் திறப்பில் ஊசிக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். அது கொஞ்சம் அகன்றாலும் பெற்றோல் அள்ளிக்கொண்டு வரும். முழுத் திறப்பில் ஊசி மேலே போய்விடுவதால் தேய்மானம் தெரியாது.

கழற்றி, நீடில் ஜெற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். ஊசியை விரலில் உருட்டு: ஒரு பக்கம் மட்டும் மினுங்கி, நகத்தில் மெல்லிய படி தட்டினால் அது முடிந்தது. இரண்டையும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஊசித் தலையிலுள்ள கிளிப்பை ஒரு வெட்டு மேலே போட்டால் ஊசி தாழ்ந்து புகை குறையும், உண்மைதான். அது வைத்தியமில்லை, மூடி மறைப்பு.

கடையில் விற்கும் மலிவான காபரேற்றர் கிட்டை (உதிரிப்பாகப் பொதியை) நம்பி எல்லாவற்றையும் மாற்றிவிடாதே. புது ஊசியைப் பழையதோடு ஒட்டிப் பிடித்து, சரிவு ஒன்றுபோல இருக்கிறதா, தலைப்பக்கம் அடித்த எழுத்து ஒன்றா என்று பார். வேறென்றால் கிட்டிலிருந்து ரப்பரை மட்டும் எடு. முறுக்காமல் ஓடும்போது பெற்றோல் விடும் பைலட் ஜெற்றும் மெயின் ஜெற்றும் சும்மா தேயாது. கம்பி விட்டுக் குத்துகிறவர்கள்தான் அவற்றைப் பெருப்பிக்கிறார்கள்.

நிறுத்தி வைத்தால் சொட்டுகிறது என்றாயே, அதைக் கழற்ற முதலே கண்டுபிடிக்கலாம். காபரேற்றரின் அடியில் பெற்றோல் தேங்கும் புளோட் கிண்ணத்தின் வடிகுழாயில் உள்ளே தெரியும் ரியூப் ஒன்றைப் பொருத்தி, காபரேற்றரோடு நிமிர்த்திப் பிடித்து, வடிகால் ஸ்குரூவைத் தளர்த்து. உள்ளே நிற்கும் மட்டம் ரியூபில் தெரியும். மட்டம் ஏறிக்கொண்டே போனால் புளோட் ஊசி (மிதவை தூக்கப் பெற்றோலை அடைக்கும் வேறோர் ஊசி) மூடவில்லை. அதன் ரப்பர் நுனியில் வளையமாகப் பள்ளம் விழுந்திருக்கும்; ஊசியை மாற்று. அது அமரும் இருக்கை பெரும்பாலும் உடம்போடு அழுத்தி வைத்தது, தனியாக வராது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் பிராசோ (பித்தளை மினுக்கும் மருந்து) தொட்டு இருபது தரம் சுழற்றி, பெற்றோலில் நன்றாகக் கழுவு. மட்டம் சரியாக நின்றும் சொட்டினால், பெரும்பாலும் கிண்ணத்துக்குள் நிமிர்ந்து நிற்கும், மிஞ்சும் பெற்றோலை வெளியேற்றும் பித்தளைக் குழாயில் வெடிப்பு. இதைப் பார்க்காமல் ஊசி மேல் ஊசியாக மாற்றுகிறவர்கள் அதிகம்.

சிலோ (முறுக்காமல் ஓடும் வேகம்) தானாக ஏறினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் காற்று ஒழுக்கு. எஞ்சினோடு சேரும் காபரேற்றர் முகப்பின் இரண்டு நட்டையும் அளவுக்கு மீறி இறுக்கினால் முகப்பு வளைந்து, ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) நடுவில் பிடிக்காது. ஸ்டீல் அடிமட்டத்தை வைத்து வெளிச்சம் தெரிகிறதா பார். தெரிந்தால் கண்ணாடித் தட்டில் 400ஆம் இலக்க மண்தாளை விரித்துத் தேய்த்துச் சமப்படுத்து. ஓ-ரிங் பள்ளத்துக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கிண்ண ரப்பர் பெற்றோல் பட்டு ஊதி, பள்ளத்தில் இருக்கமாட்டேன் என்றால் எறிந்துவிடாதே. ஒரு நாள் வெயிலில் போடு, சுருங்கிவிடும். கிண்ணத்தின் ஸ்குரூக்கள் ஜப்பான் வெட்டு. சாதாரண பிலிப்ஸ் முனை வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சிலோவைச் சரிசெய்யும் பைலட் ஸ்குரூவை மெதுவாக மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அங்கிருந்து காது கொடுத்துச் சரி செய்.

இங்கே கடற்காற்றில் கிண்ணத்துக்குள் வெள்ளை மா பூக்கும். உனக்கு வவுனியாவில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மழைக்குத் தாங்கி மூடியால் தண்ணீர் இறங்கும். பாரமென்பதால் கிண்ணத்தின் அடியில் போய்ப் படுக்கும். வாரம் ஒருக்கால் வடித்துவிடு.

ஊசியிலும் நீடில் ஜெற்றிலும் உள்ள எழுத்தையும் இலக்கத்தையும் எழுதி அனுப்பு. இங்கே பிரதான வீதிக் கடைகளில் விசாரித்து, கிடைத்தால் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி