காம்பவுண்டு சுவர் காத்திருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலைஞர் கனவு இல்லம் திட்டத்திலும் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்திலும் கட்டிய வீடுகளில் ஊர் ஊராகப் பால் காய்ச்சிக் குடியேறிக்கொண்டிருக்கிறார்கள். சொந்தக் காசில் கட்டியவர்களும் நிறையப் பேர். கட்டும்போது யோசனை சொல்ல ஊரே திரண்டு வரும். குடியேறிய மறுநாள் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. கையில் மிச்சமிருக்கும் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ காம்பவுண்டு சுவருக்கும் இரும்பு கேட்டுக்கும் போய்விடுகிறது. வீட்டைக் காப்பாற்றும் வேலை இருப்பதோ சுவரை ஒட்டி வெளியே கிடக்கும் மூன்றடி மண்ணில். முதல் ஐப்பசி மழைக்கு முன் காசு அங்கே இறங்க வேண்டும்.

கனவு இல்லத்தின் அளவு 360 சதுர அடி. அதில் கான்கிரீட் தளம் 300 சதுர அடி. ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் (வடகிழக்குப் பருவத்தில் இது அதிசயமில்லை) அந்தத் தளத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 2,800 லிட்டர் தண்ணீர் கீழே வரும். அவ்வளவும் தளத்து ஓரத்தில் வைத்த ஒன்றிரண்டு தூம்பு (நீர் வெளியேறும் துளை) வழியாக நேராகச் சுவரடியில் விழுகிறது. அங்கே இருப்பது அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண். வேலை முடிந்ததும் மண்வெட்டியால் தள்ளி மூடியதோடு சரி, இடித்துக் கெட்டிப்படுத்தியிருக்க மாட்டார்கள். தண்ணீர் பட்டதும் அது அமுங்கிப் பள்ளமாகும். அடுத்த மழையில் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், நின்ற தண்ணீர் அஸ்திவாரத்துக்கு அடியில் போகும். பேஸ்மட்டத்துக்கு மேலே சுவரில் உப்புப் பூப்பதும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுவதும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன.

முதலில் அமுங்கிய இடங்களில் அரை அடி அரை அடியாக மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திம்மிசு கட்டையால் இடிக்க வேண்டும். அதன் மேல் வீட்டைச் சுற்றி இரண்டரை அடி அகலத்துக்கு, மூன்று அங்குலக் கனத்தில், 40 மில்லி ஜல்லியில் 1:4:8 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி) போட்டு, மேலே 1:4 பூச்சு (சிமெண்ட், மணல்). சுவர்ப் பக்கம் உயரமாகவும் வெளி ஓரம் ஓர் அங்குலமாவது தாழ்வாகவும் இருக்க வேண்டும். தளத்தைச் சுவரோடு ஒட்டிப் போடக் கூடாது. அரை அங்குல இடைவெளி விட்டு, அதில் மணலை இட்டு, மேலே தார் ஊற்றி அடைத்துவிட வேண்டும். வீடு ஒரு விதமாக அமரும், இந்தத் தளம் வேறு விதமாக அமரும். சேர்த்துப் போட்டால் பூச்சைப் பிய்த்துக்கொண்டு இறங்கும். ஏழெட்டு அடிக்கு ஒரு வெட்டு விடுவதும் அதற்காகத்தான். 18க்கு 20 அடி வீட்டுக்குச் சுற்றிலும் 215 சதுர அடி வரும். சிமெண்ட் எட்டொன்பது மூட்டை, ஜல்லி அரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), எம்.சாண்ட் அரை யூனிட்டுக்குள் அடங்கும். முப்பதடி காம்பவுண்டு சுவருக்கு ஆகும் செலவு இதற்கு ஆகாது.

தூம்புகளில் நான்கு அங்குல பி.வி.சி. குழாய் மாட்டித் தண்ணீரைச் சுவரிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளிக் கொண்டுபோக வேண்டும். சொந்தக் கிணறு இருந்தால் இரண்டரை அடிச் சதுரத்தில் ஒரு வடிகட்டும் தொட்டி கட்டி, அடியில் ஜல்லியும் மேலே பருமணலும் நிரப்பி, அதன் வழியே கிணற்றுக்குள் விடலாம். கோடை முடிந்து பெய்யும் முதல் மழையை மட்டும் வெளியே திருப்பிவிட ஒரு மூடி வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் சேர்ந்த பறவை எச்சமும் தூசியும் அதோடு போய்விடும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பதற்காக, வெறும் பள்ளத்தில் ஒரு குழாயைச் சொருகிக் காட்டுவதைச் சேகரிப்பு என்று சொல்ல முடியாது.

இன்னொரு பிழை மிகச் சாதாரணமாக நடக்கிறது. வாசல் தாழ்வாகத் தெரிகிறது என்று நான்கு டிராக்டர் கிராவல் அடித்து உயர்த்துவார்கள். வெளி மண் பேஸ்மட்டத்தின் மேல்மட்டத்துக்குக் குறைந்தது அரை அடி கீழே நிற்க வேண்டும். அதைத் தாண்டினால், ஈரம் ஏறாமல் தடுக்கப் போட்ட கலவையையும் தாண்டி மண் நேரடியாகச் சுவரைத் தொடும். அப்புறம் எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் கீழ் இரண்டடி பொரிந்துகொண்டே இருக்கும். கரையானுக்கும் அதுவே ஏணி.

கழிவுநீர் அடுத்தது. குளியலறை, சமையலறைத் தண்ணீருக்கு மூன்றடி நீள அகல ஆழத்தில் குழி வெட்டி உடைகல் நிரப்பினால் போதும் என்று எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். மண்ணைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. ஓரடி அகலத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மறுபடி நிரப்பி, தண்ணீர் ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். செம்மண்ணிலும் சரளையிலும் சில நிமிடங்களில் இறங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தால் அங்கே உறிஞ்சு குழி வெட்டுவது வீண். ஆறே மாதத்தில் கொசுக் குட்டையாகிவிடும். டெல்டாவின் களிமண்ணில் இப்படித்தான் ஆகிறது. அந்த இடங்களில் தண்ணீரை நீண்ட ஆழமற்ற வாய்க்காலாக விட்டு, இருபுறமும் வாழையோ கல்வாழையோ வைப்பதே சரி. எந்த மண்ணானாலும் குழிக்கு முன் ஒரு சிறு தொட்டி கட்டிச் சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கை அங்கேயே நிறுத்துங்கள். குழி அடைபடுவது அவற்றால்தான். வாரம் ஒருமுறை அந்தத் தொட்டியை வழித்தால் குழி பல ஆண்டு நிற்கும்.

கழிப்பறைக்கு ஒற்றை உறைக் குழிதான் இறக்கியிருக்கிறார்கள் என்றால், மூன்றடி தள்ளி இரண்டாவது குழிக்கு இடத்தை இப்போதே ஒதுக்குங்கள். மூன்றரை அடி விட்டம், நான்கடி ஆழம் ஒரு குடும்பத்துக்குப் போதும். நடுவில் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு சிறு பெட்டி வேண்டும். ஒன்று நிறைந்ததும் மற்றதற்குத் திருப்பிவிட்டு, நிறைந்ததை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகியிருக்கும். யாரையும் குழிக்குள் இறக்க வேண்டிய தேவையே வராது. கிணறோ ஆழ்துளைக் குழாயோ குழியிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் இந்தக் கணக்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வண்ணம் பற்றி. செங்கல், கலவை, பூச்சு எல்லாம் குடித்த தண்ணீர் சுவரின் இரு முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குடிபோகும் அவசரத்தில் சுவரை வழவழப்பாக்கும் புட்டி வைத்து மேலே பளபளப்பான பெயிண்டும் அடித்துவிட்டால் வாயைக் கட்டியது மாதிரி ஆகிவிடும். முதல் மழைக்காலத்தில் புட்டி செதில் செதிலாக உரியும். குடியேறும்போது வெள்ளைச் சிமெண்ட் மட்டும் அடித்துக்கொண்டு, ஒரு கோடை கழித்துப் புட்டி, பெயிண்ட் வேலைக்குப் போவதே நல்லது. சுவரில் மயிரிழை போலத் தெரியும் வலைக்கீறல்கள் பூச்சு காய்ந்ததன் அடையாளம், பயப்பட ஒன்றுமில்லை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக விழுந்தால், பூசும்போது கோழிவலை வைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். பூச்சை வெட்டி வலை அடித்துப் பூசினால் தீரும். சாய்வாக, படிக்கட்டு போல ஏறும் விரிசலுக்குத்தான் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதி வையுங்கள். கோடு தாண்டி வளர்கிறதா, மழையில் மூடிக் கோடையில் திறக்கிறதா என்ற விவரம் அவர் கைக்குக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் இப்படி மூடித் திறக்கும் விரிசல் சகஜம். அங்கே அதை அடைப்பதற்கு முன் சுவரடியில் தண்ணீர் சேர்வதை நிறுத்த வேண்டும்.

ஐப்பசியில் கதவு பிடிக்கிறது என்று தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள். தை, மாசியில் மரம் வற்றியதும் விரல் நுழையும் சந்து விழும். கதவின் மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் பெயிண்ட் படாமல் விட்டிருப்பார்கள், ஈரம் அங்கேதான் ஏறுகிறது. கோடையில் கழற்றி அந்த இரண்டு விளிம்புக்கும் அடித்தால் போதும்.

மரம் வைக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. தென்னை மரத்துக்கு மரம் 25 அடி, சுவரிலிருந்து 15 அடியாவது வேண்டும். மட்டை விழும் இடத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். வேம்புக்கு 20 அடி. கரிசலில் இன்னும் தள்ளி வைக்க வேண்டும், வேர் ஈரத்தை உறிஞ்சினால் அடிமண் சுருங்கும். முருங்கை முறியும் மரம், கம்பளிப்பூச்சியும் வரும். படுக்கையறை ஜன்னலுக்கு நேரே வேண்டாம். கறிவேப்பிலை, எலுமிச்சை, வாழை வீட்டருகே இருக்கலாம். குழிகளை ஆடியில் எடுத்து ஆறப்போட்டு, புரட்டாசியில் நட்டால் முதல் தண்ணீரை வானமே பார்த்துக்கொள்ளும்.

மின்சாரத்தில் இரண்டே விஷயம். கட்டும்போது வாங்கிய தற்காலிக இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றாமல் மாதக்கணக்கில் கூடுதல் கட்டணம் கட்டுவோர் இருக்கிறார்கள். எர்த் கம்பி சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டு, மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள்.

சூரிய மின்தகடுக்கு மத்திய அரசு ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். நாளுக்கு நான்கு யூனிட் வரும். ஆனால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருக்கையில், 150 யூனிட்டுக்குள் ஓட்டும் சிறு வீட்டுக்கு இது அவசரமான செலவில்லை. பின்னால் கம்பி இழுக்க, மேலிருந்து மீட்டர் பெட்டிவரை ஒரு வெறும் குழாயை மட்டும் பதித்து வையுங்கள்.

மாடி எடுக்கும் திட்டம்தான் பலருக்கும் பெரிய கனவு. தூணும் அதற்கடியில் கான்கிரீட் பாதமும் இருக்கிறதா, செங்கல் சுவரே பாரம் தாங்குகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். இரண்டாவது வகையானால் பொறியாளர் பார்க்காமல் மேலே ஒரு செங்கல்லும் ஏற்ற வேண்டாம். தூணுக்கு மேல் நீட்டி விட்ட கம்பிகள் திறந்தே கிடந்தால் துரு கீழே இறங்கித் தூணின் தலையைப் பிளக்கும். கம்பிக்குச் சிமெண்ட் பால் பூசி, சுற்றிலும் மெலிந்த கலவையால் மூடுங்கள், வேண்டும்போது உடைத்துக்கொள்ளலாம். வளைத்து மடக்கி வைத்துப் பிறகு நிமிர்த்தினால் கம்பி பலமிழக்கும். மாடி எப்படியும் வரும் என்று தட்டோடு பதிக்காமல் விட்டவர்களின் தளம்தான் முதலில் ஒழுகுகிறது. ஐந்து வருடத்துக்குள் மாடி வராது என்றால் தட்டோடு பதித்துவிடுங்கள். காசில்லையா, ஆண்டுதோறும் சித்திரைக்கு முன் தளத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளையாவது அடியுங்கள், உள்ளே வெக்கை குறையும். தண்ணீர்த் தொட்டியைச் சன்ஷேடு மேல் வைக்காதீர்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். இரண்டு சுவர் சந்திக்கும் மூலைக்கு மேலேதான் அது உட்கார வேண்டும்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. திட்ட வீடுகளுக்குக் கடைசித் தவணையை விடுவிக்கும்போது, அளவு எடுத்த பொறியாளர் வீட்டுக்காரர் கையில் ஒரே ஒரு தாள் வரைபடம் கொடுக்க வேண்டும். அஸ்திவார ஆழம், தூண்களின் இடம், கம்பியின் கனம், கழிவுக் குழியும் அதன் மூடியும் எங்கே, தரைக்கடியில் குழாயும் மின்கம்பியும் எந்தப் பக்கம் ஓடுகின்றன, இவ்வளவு போதும். கட்டிய கொத்தனார் அடுத்த மாதம் திருப்பூரிலோ கேரளாவிலோ இருப்பார்; மூன்று வருடம் கழித்து மாடிக்கோ மரத்துக்கோ குழி தோண்டுபவருக்கு அந்தத் தாளை விட்டால் வேறு வழி இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணி மேற்பார்வையாளர்,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.