லைன் வீட்டு உத்திரம்

வால்பாறை
12.8.2023

அன்புள்ள சேகர்,

திருப்பூரில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே துணி காய்ந்து மூன்று வாரம் ஆகிறது.

நம் பழைய லைனில் (எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளில்) கடைசி வீட்டு அக்காவை ஞாபகம் இருக்கிறதா? போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தூங்கிக்கொண்டிருந்தபோது உத்திரம் முறிந்து, கூரை காலின் மேல் விழுந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. பக்கத்தில் படுத்திருந்த பையனுக்கும் தோளில் அடி. எஸ்டேட் ஆபீஸில் கேட்டால், "கொழுந்து எடுக்கும்போது விழுந்திருந்தால் சரி, லீவு நாளில் வீட்டில் தூங்கினதுக்கு நாங்கள் என்ன செய்ய?" என்கிறார்கள்.

நானும் முதலில் நியாயம்தானே என்றுதான் நினைத்தேன். 1923 ஆம் வருட இழப்பீட்டுச் சட்டம் வேலையால், வேலையின்போது பட்ட காயத்தைத்தான் பேசுகிறது. அப்புறம் சங்க ஆபீஸில் ஒரு பெரியவர் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் பிரித்துக் காட்டினார். 1981 திருத்தத்தில் 16-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். எஸ்டேட் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளிக்கோ அவர் குடும்பத்தாருக்கோ அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். வேலை நேரமா என்ற கேள்வியே இல்லை! பையனுக்கும் உண்டு என்றதும் அக்கா நம்பவில்லை. தொகைக்கு மட்டும் அந்த 1923 சட்டத்தின் கணக்குதான். தற்காலிகமாக முடங்கியிருக்கும் வரை அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். 12,000 சம்பளம் என்றால் 3,000 ரூபாய்.

ஆனால் இயற்கைச் சீற்றமோ குடியிருப்பவர் தவறோ மட்டுமே நேரடிக் காரணம் என்றால் கிடைக்காது. ஆபீஸ் இப்போது மழையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலையே இறங்கி 70 பேரைக் கொண்டுபோனதே, அங்கேகூட லைன் வீடுகளை ஏன் அந்தச் சரிவுக்குக் கீழே வைத்தார்கள் என்று கேட்கலாம். இங்கே விழுந்தது கறையான் அரித்த மரம். விரலால் அழுத்தினால் உதிர்கிறது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். கூரை ஒழுகுவதை அக்கா இரண்டு முறை வாயால்தான் சொல்லியிருக்கிறாள், எழுத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் கவலை. (நம் ஊரில் யானை இடித்தால் வனத்துறை, மழை இடித்தால் வருண பகவான். கம்பெனி பொறுப்பில் எந்தச் சுவரும் விழுவதில்லை போல.)

ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். வருகிற வாரம் கொடுக்கிறோம்.

மனு எழுதும்போது உன் அம்மா ஞாபகம் வந்தது. 1987 மழையில் அடுப்படிச் சுவர் விழுந்து கை ஒடிந்ததே, எஸ்டேட் கண்டக்டர் (வேலையை மேற்பார்க்கிறவர்) ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டுப் போனாரே? அப்போதும் இந்தப் பிரிவு இருந்திருக்கிறது, சேகர். அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே பார்த்துக்கொள்.

அன்புடன்,
ராஜன்