பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று வாட்சப்பில் கேட்டால் "ம்" என்று ஒற்றை எழுத்து வருகிறது. மூன்று வாரமாக அதுதான். அதனால் தாளும் பேனாவும் எடுத்தேன்.

சாப்பிடுகிறாயா? போன வருஷம் பெங்களூருக்கு வந்தபோது உங்கள் லேபில் தட்டைப்புழுக்களைக் காட்டினாயே. அந்த வங்காளத்துப் பெண் ஈரல் கூழை ஒரு சொட்டு விட்டதும் எல்லாம் ஊர்ந்து வந்து மொய்த்தன. பட்டினி போட்டால் இவை சீக்கிரம் சாகாது, உடம்பு சிறுத்துக்கொண்டே போகும், தீனி வைத்தால் மறுபடி வளரும் என்று சொன்னாய். கடைசியாக வீடியோவில் உன் கன்னத்தைப் பார்த்ததிலிருந்து அதுவே நினைப்பு. மனுஷ உடம்பு அப்படி இல்லை கண்ணு. வேளைக்குச் சாப்பிடு.

சோதனை இரண்டாம் தடவையும் சரியாக வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. உன் கைடும் அந்த மலையாளத்து சீனியர் அக்காவும் நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார்கள். அவர்களிடம் வாய்விட்டுக் கேள். எட்டாம் வகுப்பில் கணக்கு வராமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாய், வாத்தியார் அப்பன் பக்கத்திலேயே இருந்தும் கேட்க மாட்டாய். இப்போதும் அதே பிடிவாதம். கேள், பாப்பா. சாப்பிட்டுவிட்டுக் கேள்.

செந்தூரா இந்த வருஷம் காய்ப்பு குறைவு. வேறு விசேஷம் இல்லை.

டீக்கடையில் உன்னைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. மார்கன் என்ற அமெரிக்கர் 1898இலேயே இந்தப் புழுவைக் கூறு போட்டு, 279இல் ஒரு பங்கு துண்டுகூட முழுப் புழுவாகிவிடும் என்று கண்டதைச் சொன்னேன். வால் துண்டில் தலை முளைக்கும், அதற்குள் மூளையும் முளைக்கும், என் மகள் சொன்னாள் என்றேன். எல்லாரும் வாய் பிளந்து கேட்டார்கள்.

அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. புழுவுக்கு மூளையே முளைக்கிறதே, முத்துவுக்கு முதுகுத்தண்டில் போன நரம்பு முளைக்காதா என்று உன்னிடம் கேட்டேன். எதுவாகவும் மாறக்கூடிய செல்கள் புழுவின் உடம்பு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன, நமக்கு அப்படி இல்லை அப்பா என்றாய். எலும்பு மஜ்ஜை மாற்றுவது ரத்த நோய்களுக்குப் பலித்த வைத்தியம், முதுகுத்தண்டில் மஜ்ஜை செல்களை ஊசியாகப் போடுவது இன்னும் ஆராய்ச்சிதான், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டியில் கோடு போட்டும் அனுப்பினாய். நான் என்ன சொன்னேன்? நாலு எழுத்து படித்த திமிர், தம்பி எழுந்து நடப்பதில் உனக்கு அக்கறை இல்லை என்றேன். அப்படிச் சொன்னது தப்பு.

அதற்கு அப்புறமும் முத்துவைக் கூட்டிக்கொண்டு அந்த ஊசி போடுகிற இடத்துக்குப் போனேன், பாப்பா. உன்னிடம் மறைத்துவிட்டுப் போனேன். வாய்க்கால் மேட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன் என்று சொன்னது பொய். விற்றுவிட்டேன். ஊசிக்கே நாலு லட்சம் போனது. இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, எதையோ பிரித்தெடுத்து, முதுகில் போட்டார்கள். மூன்று தடவை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு 11 நாள் காய்ச்சல். கால் விரல் அசைகிறதா என்று தினமும் விடிந்ததும் போர்வையை விலக்கிப் பார்ப்பேன். ஒரு நாள் "அசையுதுப்பா" என்றான் முத்து. அசையவில்லை. எனக்காகச் சொன்னான். கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் நின்றேன்.

இது தெரிந்துதான் பேசாமல் இருக்கிறாயோ, லேப் கவலைதானோ, யோசித்து யோசித்துத் தூக்கம் போய்விட்டது. தான் எதுவும் சொல்லவில்லை என்று முத்து சத்தியம் செய்கிறான். ரசீது, கையெழுத்து வாங்கிய தாள் எல்லாவற்றையும் நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். படித்துப் பார். புகார் கொடுக்கலாம் என்றால் எங்கே வரச் சொன்னாலும் வருகிறேன். பிசியோதெரபியை நீ சொன்ன இடத்திலேயே மறுபடி ஆரம்பித்துவிட்டோம். அவனாகவே இப்போது சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன். புழுவுக்குத் தீனி வைக்கிற நேரமாக இருந்தால் முடித்துவிட்டு நீயே கூப்பிடு. முத்துவும் பக்கத்தில் இருப்பான்.

அப்பா