ஐபிஎம்மில் சேராத எட்டாம் வகுப்பு

ஐயா,

சென்ற ஞாயிறு இணைப்பில், இணையவழிக் கல்வி பற்றிய கட்டுரையில் 'நம் மாணவர்களுக்குக் கேள்வி கேட்கும் பண்பாடே கிடையாது' என்று ஒரு வரி. 31 வருஷம் பள்ளியில் அறிவியல் நடத்தியவள் நான். அதற்குமேல் காபி இறங்கவில்லை.

ஆதாரமாகக் கட்டுரையாளர், ஹாப்ஸ்டெட் என்ற டச்சு அறிஞரின் 'அதிகார இடைவெளி'யை இழுத்திருக்கிறார்; அதிகாரம் சமமாக இல்லாததைக் கீழே இருப்பவர்கள் எவ்வளவு தூரம் ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற அளவுகோலாம். தாங்கள் அறியாததல்ல, 1970ஐ ஒட்டி ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் நடத்திய கணக்கெடுப்பு அது. என் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு எப்போது ஐபிஎம்மில் சேர்ந்தது?

2020 ஊரடங்கில் கூகுள் மீட்டில் 'சந்தேகம் இருக்கா?' என்றால் 40 பேரும் கப்சிப். வகுப்பு முடிந்ததும் வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜாகக் கொட்டும். 'டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க' என்றுதான் தொடங்கும். அதெல்லாம் கேள்வி இல்லையா? கேமரா போடாத ஒரு பெண்ணைத் திட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, ஒற்றை அறை வீடு. பின்னால் நைட் ஷிப்ட் முடித்த அப்பா படுத்திருந்தார். போனே அவருடையதுதான்.

எங்களுக்கும் ஒரு இணையவழிப் பயிற்சி வைத்தார்கள். பாடமெல்லாம் தமிழில்தான், சரி. படிவத்தில் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்'. நமக்கு முதலில் வருவது இனிஷியல்தானே? போட்டேன், ஓரெழுத்து செல்லாதாம். அப்பா பெயரை முழுசாக அடித்தேன். அன்றிலிருந்து அந்தத் தளம் தினமும் வணக்கம் சொன்னது, 1998இல் காலமான என் அப்பாவுக்கு. 3ஆம் வகுப்பைத் தாண்டாத மனிதர், பயிற்சியைச் சிறப்பாக முடித்ததாகப் பாராட்டும் வந்தது.

அதிலேயே, சக ஆசிரியர் ஒருவரின் கருத்தை மறுத்து எழுதினால்தான் மதிப்பெண். எனக்கு வாய்த்தது எங்கள் தலைமையாசிரியை எழுதியது. ஊரே பார்க்க அவரை மறுப்பேனா? 'அருமை மேடம்' என்று எழுதிப் பூஜ்யம் வாங்கினேன். மறுநாள் அவர் அறைக்குப் போய், எங்கே இடிக்கிறது என்று சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். அதற்கு யார் மதிப்பெண் போடுவது?

2021இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது, தெரு அக்கா ஒருத்தி மாலையில் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். மீட்டில் ஊமையாயிருந்த அதே பிள்ளைகளை அங்கே அடக்க முடியவில்லை.

கட்டுரையாளருக்கு இந்தத் தளங்களை உருவாக்குபவர்களோடு பழக்கம் போலிருக்கிறது. ஓரெழுத்து இனிஷியலை ஏற்கும்படி மட்டும் சொல்லச் சொல்லுங்கள். இதை வெளியிட்டால், என் பெயரை இனிஷியலோடு போடவும். அப்பா பெயரை விரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்