கிளினிக் கொப்பியில் திகதியோடு நேரமும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற படையினரின் மருத்துவத் தேவைகள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை என் வாப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். இராணுவத்தில் இருந்தபோது மிதிவெடியில் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அந்தச் சத்தத்தில் ஒரு காதும் போயிற்று. கட்டுரை புதிய கட்டடங்களையும் கருவிகளையும் கேட்கிறது. நான் கேட்பது, கிளினிக் கொப்பியில் திகதிக்குப் பக்கத்தில் ஒரு நேரம்.

நாங்கள் போகும் அரச வைத்தியசாலையில் திகதி மட்டுமே எழுதித் தருகிறார்கள். வந்த ஒழுங்கில் இலக்கம். அதனால் எல்லோரும் விடியுமுன்பே வந்துவிடுகிறார்கள். நாங்களும் சுபஹு தொழுததும் கிண்ணியாவிலிருந்து முதல் பஸ் பிடிக்கிறோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதைப் படகுக்காகக் கரையில் காத்துநின்ற காலம் முடிந்தது. வைத்தியசாலை வாங்கில் காத்திருக்கும் காலம் மட்டும் முடியவில்லை. வைத்தியர் விடுதி நோயாளரைப் பார்த்துவிட்டு வர ஒன்பது மணி தாண்டும். வாப்பாவின் முறை வரப் பதினொன்றாகும்.

செயற்கைக்கால் போட்டவருக்கு இருந்துகொண்டிருப்பது ஓய்வல்ல. தொங்கவிட்ட கால் வீங்கி, செயற்கைக்காலுக்குள் இறுகி உரசுகிறது. நீரிழிவுக்காரருக்கு அந்த உரசல் புண்ணானால் இலகுவில் ஆறாது. கடந்த மார்ச் மாதம் நீரிழிவுக் கிளினிக்குக்குப் போய் வந்த அன்றுதான் அவருக்குப் புண் வந்தது. ஆறு கிழமை வாசலைத் தாண்டவில்லை. கண் கிளினிக் செவ்வாய், நீரிழிவு வியாழன், இரண்டும் ஒரே வளவுக்குள். ஒரே நாளில் போட்டால் ஒரு பயணம் குறையும். செயற்கைக்காலைச் சரிபார்க்கக் கொழும்புக்கு இரவு ரயிலில் போகும் நாளில் கிளினிக் வந்தால், தொலைபேசியில் திகதியை மாற்றவும் வழியில்லை.

அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கு இப்போது பொது மருத்துவரைக் காண 20 நாள், விசேட மருத்துவரைக் காண 28 நாள் என்று எல்லை உண்டு. அதற்கு மேல் போனால் வெளி மருத்துவரிடம் காட்டலாம். அங்கும் அது இலேசில் வரவில்லை. 14 நாளுக்குள் திகதி கொடுக்க வேண்டும் என்று முன்பு இலக்கு வைத்தபோது, பீனிக்ஸ் நகரின் முன்னாள் படையினர் வைத்தியசாலையில், இலக்கை எட்டியதாகக் காட்டுவதற்காகக் காத்திருப்போரின் பெயர்களை மறைவான பட்டியல்களில் வைத்திருந்தது 2014இல் அம்பலமானது. பொறுப்பான அமைச்சர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். அவரும் வியட்நாமில் மிதிவெடியால் பாதத்தின் ஒரு பகுதியை இழந்தவர். இதை வாசித்தபோது வாப்பா நெடுநேரம் பேசவில்லை. ஆகவே இங்கே நேரம் போடத் தொடங்கினால், நோயாளி வந்த நேரத்தையும் வைத்தியரைக் கண்ட நேரத்தையும் அவருடைய கொப்பியிலேயே எழுதுங்கள். அப்போது அதை யாரும் மறைக்க முடியாது.

படையில் இருந்தவர் என்பதற்காக வாப்பாவை முன்னால் விடச் சொல்லவில்லை. அவரும் அதை விரும்பமாட்டார். அதே வாங்கில் செல்லடியில் கையை இழந்த மூதூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். இருவரும் மாதந்தோறும் சுகம் விசாரித்துக்கொள்கிறார்கள். மணிக்கு இத்தனை பேர் என்று பிரித்து எழுதினால் இருவருக்கும் உதவும். அதற்குப் பேனாவும் கொப்பியும் போதும்.

இன்னொன்று: இலக்கத்தைக் கூப்பிடுவதோடு பலகையிலும் எழுதுங்கள். கூப்பிடுவது வாப்பாவுக்குக் கேட்பதில்லை. அதைக் கேட்டுச் சொல்வதற்காகவே ஒவ்வொரு முறையும் நான் வேலைக்கு லீவு போடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
கிண்ணியா, திருகோணமலை.