தந்தையை மறந்துவிட்டோமே!

ஆசிரியருக்கு வணக்கம். கிசாவில் பெரிய எகிப்திய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது பற்றிய செய்தித் தொகுப்பைப் படித்தேன். பண்டைய எகிப்திய மன்னர் கூஃபுவின் பிரமிடைப் பற்றி நிறைய எழுதியிருந்தீர்கள், சரி. ஆனால் அவருடைய தந்தை ஸ்னெஃப்ருவின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. நான்காம் அரச மரபின் முதல் மன்னர் அவர். சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன் மெய்டூமில் ஒன்று, தஹ்ஷூரில் இரண்டு எனப் பெரிய பிரமிடுகளை எழுப்பியவர். தஹ்ஷூரின் வளைந்த பிரமிடு ஏறக்குறைய 54 பாகைச் சரிவில் தொடங்கி, பாதி உயரத்தில் 43 பாகையாகச் சாய்கிறது. கட்டும்போதே விரிசல் கண்டு, கனத்தைக் குறைக்க அப்படி மாற்றினார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்புறம் அதே 43 பாகையில், 105 மீட்டர் உயரத்துக்குச் சிவப்புப் பிரமிடு நேராக எழுந்தது. இந்தப் பட்டறிவு இல்லாமல் மகனின் பிரமிடு எழுந்திருக்காது.

கட்டடப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் வளைந்த பிரமிடுக்குள் முதுகைக் குனிந்து இறங்கிச் சென்றபோது, மேல் அறையின் சுவர்களுக்கு இடையே தேவதாரு மரக்கட்டைகள் இன்றும் நிற்பதைக் கண்டேன். சாரத்துக்கு முட்டுக் கொடுத்த கை இது. அந்த இடத்தைவிட்டு வர மனமே வரவில்லை. ஸ்னெஃப்ரு காலத்தில் 40 கப்பல்களில் தேவதாரு வந்ததை, பண்டைய எகிப்திய மன்னர்களின் ஆண்டுக் குறிப்புகள் பொறித்த பலெர்மோ கல்வெட்டு சொல்கிறது. தங்கள் மாணவர் இணைப்பிதழில் இந்த மூன்று பிரமிடுகளின் குறுக்குவெட்டுப் படங்களையும் அருகருகே வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்